திருப்படித்தானமும் திருவிதாங்கூர் அரண்மனைகளும்

திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இரண்டாம் திருவாய்மொழி திருவநந்தபுரத்தைப் பற்றியது. முந்தைய திருவாய்மொழியில் திருமோகூர்க் காளமேகத்தை வழித்துணையாகப் பற்றிய ஆழ்வார், இத்திருப்பதியில் சென்று அடிமை செய்யத் திருவுள்ளம் கொண்டு, அநுகூலரையும் உடன் வருமாறு அழைக்கிறார் என்பது வ்யாக்யாதாக்கள் காட்டும் ஸங்கதி. பரமபதத்தில் நித்யஸூரிகள் செய்யும் கைங்கர்யத்தை இந்நிலத்திலேயே செய்யலாம்படி எம்பெருமான் அரவணைமேல் கண்வளர்ந்தருளும் தேசம் என்று அவர்கள் இத்திருப்பதியைக் கொண்டாடுவர்.

அடிமை செய்தற்குரிய தேசம் என்று ஆழ்வார் காட்டிய அவ்வூரில், பல நூற்றாண்டுகள் கழித்து, ஓர் அரசகுலம் ‘அடிமை’ என்பதையே தன் பட்டப்பெயராக ஏற்றது. ‘ஸ்ரீபத்மநாப தாஸ வஞ்சிபால’ என்று தொடங்குவது திருவிதாங்கூர் மன்னரின் விருது. வஞ்சி நாட்டைக் காப்பவர் என்பது அதில் இரண்டாவதாகவே வரும். பத்மநாபனுக்குத் தாஸர் என்பதே முதலில் வரும். இவ்வரசகுலம் ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தைச் சேர்ந்ததன்று. கோயில் வழிபாடும் கேரள தந்த்ர முறையில் நடப்பது. எம்பெருமானார் இங்குப் பாஞ்சராத்ர முறையை நிலைநாட்டத் திருவுள்ளம் கொண்டபோது, பத்மநாபன் அவரை உறக்கத்திலேயே திருக்குறுங்குடியில் கொண்டு சேர்த்தான் என்பது குருபரம்பரைகளில் ப்ரஸித்தம். அங்ஙனம் தனக்கென ஒரு வழியை வைத்துக்கொண்ட தலத்தில், பூர்வாசார்யர்கள் சேஷத்வம் என்று நிரூபித்த பொருள் ஓர் அரசின் அமைப்பாகவே எவ்வாறு வடிவெடுத்தது என்பதும், அவ்வடிவம் எங்கே நிறைந்தது, எங்கே குறைபட்டது என்பதும் ஆராயத் தக்கன. இதற்குச் சாஸனங்களைப் போலவே அக்குலத்தார் கட்டி வாழ்ந்த அரண்மனைகளும் சான்று கூறும்.

வேணாட்டு மன்னரும் எட்டரை யோகமும்

திருவிதாங்கூர் அரசு வேணாட்டிலிருந்து வளர்ந்தது. வேணாட்டுக் குலம் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. அவற்றுள் திருப்பாப்பூர்க் கிளையின் மூத்தவர்க்குத் திருவநந்தபுரம் கோயிலின் பொறுப்பு உரியதாயிற்று. தாயமுறை மருமக்கள்வழி, அரசருக்குப் பின் பட்டம் அவர்தம் உடன்பிறந்தாளின் மகனுக்குச் செல்லும். ஆற்றிங்கல் அரண்மனையில் வாழ்ந்த ராணியரே இக்குலத்தின் வேர் எனப்பட்டனர். மன்னர்கள் பிறந்த நக்ஷத்திரத்தோடு ‘திருநாள்’ என்ற சொல்லைச் சேர்த்து வழங்கப்பெற்றனர். அநிழம் திருநாள், கார்த்திகைத் திருநாள், ஸ்வாதித் திருநாள், சித்திரைத் திருநாள் என்பன அவ்வாறு வந்தவை.

கோயில் நிர்வாகம் மன்னர் கையில் இல்லை. பெரும்பாலும் போற்றிமார் அடங்கிய ‘எட்டரை யோகம்’ என்னும் சபையே அதனை நடத்தியது. யோகத்தார் எண்மர்க்கும் ஒவ்வொரு வாக்கு உண்டு, மன்னர்க்கு அரை வாக்கே உண்டு, அதனால் அப்பெயர் வந்தது என்பது மரபு. கோயில் நிலங்களில் வரி தண்டும் உரிமை எட்டு வீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட நாயர் தலைவர்களிடம் இருந்தது. நாளடைவில் யோகத்தாரும் பிள்ளைமாரும் மன்னரினும் வலியராயினர். 1686இல் கோயிலில் பெருந்தீ பற்றியது. அதன்பின் நெடுங்காலம் திருப்பணி முற்றுப்பெறாமல் கிடந்தமை அக்காலத்து அரசின் நிலையைக் காட்டும்.

இந்நிலையில் 1729இல் பட்டமேற்றவர் அநிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. இளவரசராய் இருந்தபோது பகைவர்க்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் ஓடி, நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்ற செய்தி இன்றும் அவ்வூரில் வழங்குகிறது. பட்டமேற்றபின் அவர் செய்தவை இருவகை. ஒன்று திருப்பணி. இலுப்பை மரத்தாலானது என்று கூறப்படும் பழைய திருமேனிக்குப் பதிலாக, கண்டகி நதியிலிருந்து தருவித்த 12,008 ஸாலக்ராமங்களை உள்ளடக்கிக் கடுசர்க்கரை யோகத்தால் இன்றுள்ள திருமேனி அமைக்கப்பெற்றது. எம்பெருமானின் திருமுன்பே ஏறத்தாழ 20 அடிச் சதுரமும் இரண்டரை அடிக் கனமும் உள்ள ஒரே கல்லால் ஒற்றைக்கல் மண்டபம் அமைந்தது. அக்கல் திருமலை என்னும் இடத்திலிருந்து வந்தது. ஸ்ரீபலி எழுந்தருளும் நெடிய ப்ராகாரமும் அவர் காலத்ததே.

மற்றொன்று போர். எட்டு வீட்டுப் பிள்ளைமார் கொல்லப்பட்டனர். அவர்தம் பெண்டு பிள்ளைகள் கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று நாட்டு வரலாறு கூறும். 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படை தோற்றது. அங்குச் சிறைப்பட்ட டிலனாய் என்பவர் பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்தார். கொல்லம், கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை ஆகிய சிற்றரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருவிதாங்கூரோடு சேர்க்கப்பட்டன.

கொல்லம் 925, மகரம் 5

கொல்லம் ஆண்டு 925, மகர மாதம் 5ஆம் நாள், அதாவது 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மா தம் குலத்தாருடன் கோயிலுக்குச் சென்று, தோவாளைக் கோட்டை முதல் கவணாறு வரையுள்ள நாடு முழுவதையும் பத்மநாபனுக்கு எழுதிக் கொடுத்தார். தம் உடைவாளை ஒற்றைக்கல் மண்டபத்துப் படியில் வைத்து, பின் அதனைப் பத்மநாபனின் தாஸராக நாட்டைக் காக்கத் திரும்பப் பெற்றார். படியில் வைத்துச் செய்ததனால் அது ‘திருப்படித்தானம்’ எனப்பட்டது. அதன்பின் சேர்ந்த நிலங்களை அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மா இரண்டாவது திருப்படித்தானத்தால் ஸமர்ப்பித்தார்.

வைஷ்ணவ மரபில் ‘படி’ என்ற சொல்லுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. சேர நாட்டில் அரசராய்ப் பிறந்து அரசை வெறுத்த குலசேகராழ்வார், திருவேங்கடத்தில் எம்பெருமானின் வாசலில் படியாய்க் கிடக்க விரும்பினார். அதனாலேயே திருமால் கோயில்களில் கர்ப்பக்ருஹ வாசற்படி ‘குலசேகரன் படி’ என வழங்குகிறது. திருவிதாங்கூர் மன்னரும் ஹிரண்யகர்ப்பம் முதலிய மஹாதானங்களைச் செய்தபின் ‘குலசேகரப் பெருமாள்’ என்னும் விருதுக்கு உரியவராவர். ஆழ்வார் தாமே படியாகக் கிடக்க விரும்பினார். இம்மன்னர் தம் நாட்டைப் படியில் வைத்தார். இரண்டும் ஒன்றென்று சொல்வதற்கில்லை. ஆழ்வார் விரும்பியதில் திரும்பப் பெறுவது ஏதும் இல்லை. மன்னர் வைத்த வாள் அவர் கைக்கே மீண்டது.

இங்கே இரண்டு ஆக்ஷேபங்கள் எழும். முதலாவது வரலாற்றாசிரியர் எழுப்புவது. வாளால் வென்ற நாடுகளின் குடிகள் புதிய அரசனுக்கு எதிராக எழலாம். பத்மநாபனுக்கு எதிராக எழார். அரசத் துரோகம் ஸ்வாமித் துரோகம் ஆகிவிடும். ஆகவே இது பக்தியின் போர்வையில் செய்த ராஜதந்திரம் என்பர். இரண்டாவது சாஸ்த்ரம் அறிந்தவர் எழுப்புவது. பிறரிடமிருந்து பறித்ததைத் தானம் செய்யும் உரிமை ஒருவர்க்கு ஏது? தனதல்லாததைக் கொடுப்பது தானமாகுமா?

இவ்விரண்டாவது ஆக்ஷேபத்தை ஸம்ப்ரதாயம் முன்னமே கண்டு, மேலும் ஆழமாகக் கேட்டிருக்கிறது. ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்நத்தில் தம்மை எம்பெருமான் திருவடிகளில் ஸமர்ப்பித்து, அடுத்த சுலோகத்திலேயே அந்த ஸமர்ப்பணத்துக்கு அநுதாபப்படுகிறார். ஆத்மாவும் ஆத்மீயமும் என்றும் அவனுடையனவாயிருக்க, தன்னது என்று நினைத்துக் கொடுப்பது எங்ஙனம் பொருந்தும் என்பது அவர் திருவுள்ளம். அரண்மனையிலிருந்து களவாடியதை அரசனுக்கே காணிக்கையாக வைப்பது போன்றது அது. முறைப்படி மரபுவழி வந்த நாடாயினும், வாளால் வந்த நாடாயினும், ‘என்னது’ என்ற அபிமாநத்தோடு கொடுத்தால் குற்றம் ஒன்றே. காயங்குளத்தாரின் நிலத்தை மார்த்தாண்ட வர்மா கொடுத்ததில் உள்ள குறை கண்ணுக்குத் தெரிகிறது. தம் முன்னோரின் கல்குளத்தைக் கொடுத்ததில் உள்ள குறை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

ஆதலால் திருப்படித்தானத்தை ‘அரசர் ஆண்டவனுக்கு நாட்டை அளித்த நாள்’ என்று கொண்டாடுவது ஸ்வரூபத்துக்குச் சேராது. உடையவன் இன்னான் என்று ஓர் அரசர் ஏட்டில் ஒப்புக்கொண்ட நாள் என்பதே பொருந்தும். ஒப்புக்கொண்டதில் உண்மை எவ்வளவு என்பது அன்று இருந்த நோக்கத்தால் மட்டும் முடிவாகாது. அந்நோக்கத்தில் ராஜதந்திரமும் கலந்திருக்கலாம். ஏட்டில் எழுதியபடி பின் வந்தவர்கள் நடந்தார்களா என்பதே அதற்கு அளவுகோல்.

பெருமாள் கொட்டாரம்

முதற்சான்று பத்மநாபபுரம் அரண்மனை. வேளிமலை அடிவாரத்தில், தக்கலைக்கு அருகில் உள்ள இவ்வூரின் பழம்பெயர் கல்குளம். 1601ஆம் ஆண்டளவில் இரவி வர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கிய அரண்மனை என்பர். மார்த்தாண்ட வர்மா அதனைப் பெருக்கிக் கட்டி, ஊருக்கும் பத்மநாபபுரம் என்று பெயரிட்டார். ஏறத்தாழ 185 ஏக்கர் கொண்ட கோட்டைக்குள் அரண்மனை கொண்ட இடம் 6 ஏக்கருக்குச் சற்று மிகும். விஜயநகரத்தையோ மதுரை நாயக்கர் மஹாலையோ கண்டவர்க்கு இது ஓர் அரசரின் இருப்பிடமாகவே தோன்றாது. சரிந்த ஓட்டுக் கூரை, மரத்தூண்கள், தாழ்ந்த வாசல்கள், குறுகிய படிக்கட்டுகள், கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து மெருகிட்ட கருந்தரை ஆகிய இவையே அதன் அழகு. முகப்பாகிய பூமுகத்தின் விதானத்தில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன.

இவ்வரண்மனையின் நடுவே நான்கு நிலைகளாக எழுந்தது உப்பரிகை மாளிகை. பெருமாள் கொட்டாரம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. அது திருப்படித்தானம் நிகழ்ந்த காலத்தை ஒட்டி அமைந்தது. அடிநிலை கருவூலம். அதற்கு மேல்நிலையில் மன்னரின் பள்ளியறை. 64 மூலிகை மரங்களின் துண்டுகளால் ஆனது என்று சொல்லப்படும் கட்டில் அங்கு உள்ளது. மூன்றாம் நிலை மன்னர் தனித்திருக்கும் இடம். எல்லாவற்றுக்கும் மேலான நான்காம் நிலை பத்மநாபனுக்கு உரியது. சுவர்கள் முழுவதும் அநந்தசயனம் முதலிய சித்திரங்கள், அவனுக்கென்று கட்டில், அதனருகே விளக்குகள்.

இவ்வமைப்பைப் படிப்பதற்குச் சிற்ப நூல் வேண்டுவதில்லை. பொருள் கீழே, அதன்மேல் அதனைக் காக்கும் தாஸன், தாஸனுக்கு மேல் ஸ்வாமி. மன்னர் இரவில் படுத்துக் கண் திறந்தால் மேலே இருப்பது மற்றொருவரின் இருப்பிடம் என்ற நினைவு தானே வரும். சேஷசேஷி பாவத்தை மரத்தாலும் மண்ணாலும் இவ்வளவு நேராக எழுதிய அரண்மனை வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

அதே வளாகத்தில் ஊட்டுப்புரை உள்ளது. இரண்டு நிலைகளிலும் நிலைக்கு ஆயிரவராக இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம். அங்கு நடந்தது அந்தணர்க்கு அன்னமிடும் தர்மம். கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறஜபமும் மார்த்தாண்ட வர்மா ஏற்படுத்தியதே. வேத பாராயணம் நடந்து லக்ஷ தீபத்தோடு நிறைவுறும். இவையெல்லாம் தாஸ்யத்தின் வெளிப்பாடுகள் என்பதில் ஐயமில்லை. இவற்றுள் யார் உண்டனர், யார் புறத்தே நின்றனர் என்ற கேள்வி மட்டும் அன்று கேட்கப்படவில்லை. அதற்கு விடை வர நெடுங்காலம் ஆயிற்று.

சாளரத்தில் தெரிந்த கோபுரம்

கார்த்திகைத் திருநாள் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவநந்தபுரத்துக்கு மாறியது. இதனால் அரசகுலம் கோயிலின் அயலிலேயே குடியேறிற்று. பத்மநாபபுரத்தோடு உள்ள தொடர்பும் அறவில்லை. ஆண்டுதோறும் நவராத்ரிக்குப் பத்மநாபபுரத்து ஸரஸ்வதியும், வேளிமலைக் குமாரஸ்வாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவநந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். உப்பரிகை மாளிகையில் வைத்துள்ள உடைவாளும் அவர்களோடு செல்லும். அந்த ஸரஸ்வதி கம்பர் பூசித்த மூர்த்தி என்பது ஐதிஹ்யம்.

திருவநந்தபுரத்தில் எழுந்த அரண்மனைகளுள் கோயிலுக்குத் தென்கிழக்கே உள்ள புத்தன் மாளிகை குறிப்பிடத் தக்கது. கூரையின் கீழ் 122 குதிரை உருவங்கள் மரத்தில் செதுக்கப்பட்டிருப்பதால் குதிரை மாளிகை என்று வழங்குகிறது. இதனைக் கட்டுவித்தவர் ஸ்வாதித் திருநாள் ராம வர்மா. 1813இல் பிறந்தவர், கருவிலிருக்கும்போதே அரசுக்கு உரியவராக எண்ணப்பட்டமையால் ‘கர்ப்ப ஸ்ரீமான்’ எனப்பட்டார். அன்னை கௌரி லக்ஷ்மி பாயும், பின் சிறிய தாயார் கௌரி பார்வதி பாயும் அவருக்காக நாட்டைக் காத்தனர். 1829இல் ஆட்சியை ஏற்று, 1846இல் முப்பத்துமூன்று வயதில் மறைந்தார்.

அவர் காலத்தில் ஆங்கில ரெஸிடெண்டின் ஆதிக்கம் வலுத்திருந்தது. அரசர்க்குத் தம் நாட்டிலேயே கை கட்டுண்ட நிலை. அந்நிலையில் அவர் ஸம்ஸ்க்ருதத்தில் பக்திமஞ்ஜரி, ஸ்யாநந்தூரபுர வர்ணந ப்ரபந்தம் முதலியவற்றை இயற்றினார். பல மொழிகளில் கீர்த்தனங்கள் செய்தார். கோபுரம் தெரியும் அறையிலிருந்தே அவர் பாடினார் என்று அம்மாளிகையில் ஓரிடத்தைக் காட்டுவர். அவருடைய கீர்த்தனங்களில் முத்ரையாக வருவது பத்மநாபன் என்ற திருநாமமும் அதன் பர்யாயங்களுமே. பாடல் இயற்றியவர் தம் பெயரைப் பொறிக்கும் இடத்தில் தம் ஸ்வாமியின் பெயரைப் பொறித்தார். மார்த்தாண்ட வர்மா நாட்டுக்குச் செய்ததை ஸ்வாதித் திருநாள் தம் வாக்குக்குச் செய்தார் எனலாம். வெளியரசு சுருங்கச் சுருங்க உள்ளே தாஸ்யம் பெருகியதற்கு அம்மாளிகை சாட்சி. அவர் மறைந்தபின் அது பல்லாண்டுகள் பூட்டியே கிடந்தது.

தானத்தில் விட்டுப்போன பகுதி

திருப்படித்தானத்தால் நாடு பத்மநாபனுடையது ஆயிற்று. நாடு என்றால் நிலம் மட்டும் ஆகாது. அந்நிலத்தில் வாழும் மக்களும் நாடே. ஆகவே திருவிதாங்கூரில் பிறந்த ஒவ்வொருவரும் அன்று முதல் பத்மநாபனின் குடிகள். அரசரும் அவனுடைய தாஸர், குடிகளும் அவனுடையவர். இவ்வளவும் ஏட்டிலிருந்தே பெறப்படும். ஆயினும் அக்குடிகளுள் பெரும்பகுதியினர் அவன் கோயிலுக்குள் புக முடியவில்லை. சில வகுப்பினர் கோயிலைச் சூழ்ந்த வீதியிலும் நடக்க முடியவில்லை. ஒரு தாஸன் மற்றொரு தாஸனை ஸ்வாமியின் வாசலில் தடுத்து நின்ற நிலை அது.

இது ஸம்ப்ரதாயத்தின் நெறிக்கு மாறானது என்பதற்குப் ப்ரமாணம் தேடி அலைய வேண்டுவதில்லை. திருப்பாணாழ்வாரை லோகஸாரங்க முனிவர் தோளில் சுமந்து சென்றதும், எம்பெருமானார் திருநாராயணபுரத்தில் திருக்குலத்தார்க்குக் கோயில் புக வழி செய்ததும் ப்ரஸித்தம். திருவநந்தபுரத்துக்கு வருமாறு ஆழ்வார் அழைத்த அழைப்பிலும் அநுகூல்யம் ஒன்றே அதிகாரமாகக் காண்கிறது. பிறப்பு அங்கே பேசப்படவில்லை.

1924, 1925ஆம் ஆண்டுகளில் வைக்கம் கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்காக ஸத்யாக்ரஹம் நடந்தது. அப்போது நாட்டைக் காத்தவர் ரீஜெண்டாகிய ஸேது லக்ஷ்மி பாய். காந்தியடிகள் வந்து அவரைக் கண்டார். முழுத் தீர்வு அன்று கிடைக்கவில்லை. சித்திரைத் திருநாள் பலராம வர்மா 1931இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1936 நவம்பர் 12ஆம் நாள், தம் 24ஆம் வயதில், கோயில் நுழைவுப் ப்ரகடனத்தை வெளியிட்டார். அரசின் பொறுப்பில் உள்ள கோயில்களில் பிறப்பாலோ சமயத்தாலோ ஹிந்துவாகிய எவரும் புகுந்து வழிபடத் தடை இல்லை என்பது அதன் ஸாரம்.

திருப்படித்தானத்துக்கும் இப்ப்ரகடனத்துக்கும் இடையே 186 ஆண்டுகள். இவ்விடைக்காலத்தில் அரசகுலத்தார் ஒருநாளும் தாஸர் என்ற விருதைக் கைவிடவில்லை. தம் ஸ்வாமியின் உடைமையில் ஒரு பெரும்பகுதியை அவன் கண்ணுக்கு மறைத்து வைத்திருந்ததை உணரவும் இல்லை. முதல் தானத்தில் நிலம் மட்டுமே படியில் வைக்கப்பட்டது. மக்கள் படியேறியது 1936இல். அந்நாளையும் ஒரு திருப்படித்தானம் என்று கொள்வது தகும்.

இராச்சியம் போன பின்

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணைந்தன. சித்திரைத் திருநாள் ராஜப்பிரமுகராக இருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பத்மநாப தாஸராக இருக்கும் தம்மால் அப்பதவிக்கென வேறோர் உறுதிமொழி ஏற்க இயலாது என்று அவர் தெரிவித்ததையும், அதற்கு இடங்கொடுத்தே காரியம் முடிக்கப்பட்டதையும் வி. பி. மேனன் எழுதி வைத்துள்ளார். நாட்டை விடுவதில் அவருக்குத் தடை தோன்றவில்லை. தாஸ்யத்தை விடுவதில்தான் தோன்றிற்று. ‘கொடுத்தது கொடுத்ததே’ என்ற தெளிவு இல்லாதவரிடம் இந்நிலை வாராது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்க, அதன் பராமரிப்பு கேரள அரசிடம் நின்றது. கோயில்களின் நிலங்கள் முன்பே அரசுடைமையாகிவிட்டதால், அதற்கு ஈடாக ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், தமிழ்நாட்டுக்கு வந்த கோயில்களுக்காக 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் வழங்க அரசமைப்புச் சட்டத்தின் 290ஏ பிரிவு வகை செய்தது. 1971இல் மன்னர் மானியமும் விருதுகளும் நீங்கின. 1991இல் சித்திரைத் திருநாள் மறைந்தார்.

அப்போது எழுந்தது ஒரு பெரும் வழக்கு. திருவிதாங்கூர் மன்னர் என்றொருவர் சட்டத்தில் இல்லாதபோது, மன்னர்க்கு உரியதாயிருந்த கோயில் பொறுப்பு யாருடையது? 2011 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம், அப்பொறுப்பு அரசகுலத்தார்க்குத் தொடர்ந்து செல்லாது, அரசு ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின் இடையே அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிலவறைகள் திறக்கப்பட்டன. அவற்றுள் கண்ட பொன்னும் மணியும் உலகச் செய்தியாயின. ‘பி’ என்று குறிக்கப்பட்ட அறை மட்டும் திறக்கப்படாமல் நின்றது. அச்செல்வத்தின் மதிப்பைக் குறித்துப் பேசாதார் இல்லை. நூற்றாண்டுகளாக அவ்வளவு செல்வத்தின்மேல் அமர்ந்திருந்த குலம், பத்மநாபபுரத்தின் ஓட்டுக் கூரையின் கீழ் வாழ்ந்தது ஏன் என்று கேட்டவர் சிலரே.

2020 ஜூலை 13ஆம் நாள் உச்சநீதிமன்றம், வழக்கத்தால் வந்த ‘ஷெபைத்’ உரிமை மன்னரின் மறைவாலோ மானியம் நீங்கியதாலோ அழியாது, குலத்தார்க்குத் தொடரும் என்று தீர்ப்பளித்தது. நிர்வாகம் மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வகைக் குழுவைக் குலத்தாரே முன்மொழிந்திருந்தனர். கோயிற்பொருளில் தமக்குத் தனியுரிமை உண்டென்று அவர்கள் கோரவும் இல்லை.

‘ஷெபைத்’ என்பது ‘ஸேவா’ என்ற சொல்லின் வழியில் வந்தது. பொருளுக்கு உடையவர் என்ற கருத்து அதில் இல்லை. ஸேவை செய்யக் கடமைப்பட்டவர் என்பதே அதன் கருத்து. நீதிமன்றம் சாஸ்த்ர விசாரம் செய்ய அமரவில்லை. ஆயினும் அது வந்து சேர்ந்த முடிவு சாஸ்த்ரத்துக்கு இசைந்தது. அரசு என்பது கர்மத்தால் வரும் உபாதி, வந்தது போகும். சேஷத்வம் ஸ்வரூபம்; அது போகாது. மன்னர் என்ற பெயர் நீங்கியபோது தாஸர் என்ற பெயரும் நீங்கியிருந்தால், 1750இல் செய்தது ராஜதந்திரமே என்று சொன்னவர்களின் கூற்று நிலைபெற்றிருக்கும். அவ்வாறு ஆகவில்லை.

ஐப்பசியிலும் பங்குனியிலும் திருவிழாவின் முடிவில் பத்மநாபன் சங்குமுகம் கடலுக்கு ஆராட்டுக்கு எழுந்தருளுகிறான். வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கிடுகிறது. அந்நேரத்துக்கு விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. குலத்தின் மூத்தவர் உருவிய வாளோடு நடந்து முன் செல்கிறார். அவர் பின்னே காக்கவேண்டிய நாடு ஏதும் இல்லை. வாள் எவரையும் வெட்டப்போவதும் இல்லை.

ஒற்றைக்கல் மண்டபத்துக்கு ஒரு நியமம் உண்டு. அக்கல்லைத் தொட்டது எதுவாயினும் பத்மநாபனுடையது ஆகிவிடும். ஆதலால் அதன்மீது ஸாஷ்டாங்கமாக விழுந்து வணங்கும் உரிமை அவனுடையவராகவே ஆகிவிட்ட பத்மநாப தாஸர்க்கே உரியது. அரசகுலத்தில் ஆண்குழந்தை பிறந்தால், ஓராண்டு நிறைவில் அதனைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று அக்கல்லின்மீது கிடத்துவர். அந்தச் சடங்கின் பெயர் ‘அடிமை கிடத்தல்’. அக்குழந்தைக்குக் கொடுக்க நாடில்லை, வாளில்லை, தன்னது என்று சொல்ல வாயும் இல்லை. ஆளவந்தார் அநுதபித்த குற்றம் இல்லாத ஸமர்ப்பணம் அது ஒன்றே.